இரண்டு முத்திரை – 11. ஆட்டுத் தலை யார் முன்னே?

“அந்தக் கம்பெனியா, என் மானமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு!” என்று கத்திவிட்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டே போய் தௌலெத் அறைக் கதவைச் சாத்திக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். சாத்திய சத்தம் பெரிதுதான். ஆனால் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அது தௌலெத்துக்கும் தெரியும், அவன் மனைவி ரவ்ஷானுக்கும் தெரியும்.

காலையில் அவள் பால் ஊற்றிய டீயும் எண்ணெயில் பொரித்த நாலு பவுர்சாக் உருண்டையும் தட்டில் வைத்துக் கதவைக் காலால் தள்ளினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

“கோபம் ஆறலையா இன்னும்?”

“இடுப்பு ஆறலை. அது ஆறினாத்தானே கோபம் ஆறும்?”

பதிமூன்று வருடம் லாரி ஓட்டிய உடம்பு. தால்திகொர்கனிலிருந்து எல்லை வரை, எல்லையிலிருந்து அல்மாத்தி வரை, பனியிலும் புழுதியிலும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிற்று. ஒரு வருடமாக வீட்டில் கிடக்கிறான். புது மூட்டு வைக்க வேண்டும். அல்மாத்தி ஆஸ்பத்திரியில் மார்ச் இருபத்தாறு என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆறே நாள்.

அதற்கான செலவு முழுவதும் ரவ்ஷான் வேலை பார்க்கும் ‘ஆக்-புலாக்’ பால் கம்பெனியுடையது. அதுதான் தௌலெத்தின் மானத்துக்கு இடைஞ்சல்.

“ரவ்ஷான், உன் தங்கச்சி சொல்ற ஹோட்டல் வேலைக்குப் போயிடு. அந்த ரெண்டு கிறுக்கனுங்க நடுவுல மாட்டிக்கிட்டு நீ தினம் அழுதுட்டு வர்றே. என் இடுப்புக்காக நீ அங்க அடிமையா இருக்கணும்னு என்ன தலையெழுத்து?”

“அடிமைக்கு யாராவது கால் குதிரை கொடுப்பாங்களா?” என்றாள் ரவ்ஷான்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே சிரித்தான்.

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் ஆக்-புலாக் தன் ஊழியர்களுக்கு ஆளுக்குக் கால் பங்கு குதிரைக் கறி கொடுக்கும். குளிர்காலம் முழுக்க அடுப்பு மணக்கும். அது போக மதியச் சாப்பாடு, குழந்தைகளுக்குப் பள்ளி, வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் வெந்நீர் ஊற்று விடுதி, பல் கட்டுவது முதல் பிரசவம் வரை காப்பீடு. ஊரில் பெண் கொடுக்கிறவர்கள், “மாப்பிள்ளை ஆக்-புலாக்கா?” என்று கேட்டுவிட்டு மற்றதைக் கேட்பதில்லை.

எல்லாம் செயில்கான் அகாய் காலத்து ஏற்பாடு; ‘அகாய்’ என்பது பெரியவர்களுக்கு மரியாதைச் சொல். கம்பெனியை ஒற்றைப் பசுவோடு தொடங்கியவர். நவம்பரில் சிகிச்சைக்காக வெளிநாடு போனவர் இன்னும் திரும்பவில்லை. போகிற அவசரத்தில் பொறுப்பை யாரிடம் கொடுத்தார் என்பதில்தான் எல்லாக் குழப்பமும். மூன்றாம் மாடியில் மகன் அரிஸ்தான், “எங்கிட்ட” என்றார். இரண்டாம் மாடியில் மாப்பிள்ளை நூர்லிபெக், “எங்கிட்ட” என்றார். ஆளுக்கொரு முத்திரை. ஆளுக்கொரு உத்தரவு. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தரைத் தளத்தில் சாப்பாட்டுக்கூடத்தை நடத்தும் ரவ்ஷான் மத்தளமாகி நாலு மாதமாயிற்று.

ஜனவரியில் இரண்டாம் மாடி, “குடும்பத்தாருக்குக் காப்பீடு கிடையாது” என்றது. பிப்ரவரியில் மூன்றாம் மாடி, “உண்டு, ஆனால் கணவன்மாருக்கு இல்லை” என்றது. எது செல்லும், எது செல்லாது என்று கேட்டால் கணக்குப் பிரிவில் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவள் நேராக செயில்கான் அகாய்க்கே மனு எழுதிப் போட்டாள். பதில் வந்தது. மார்ச் மூன்றாம் தேதி, அவர் கையெழுத்தோடு. ‘தௌலெத்தின் சிகிச்சையைக் கம்பெனியே ஏற்கும்.’ அந்தக் கடிதத்தை உறையில் போட்டு, நகல் ஒன்றை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அசலைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். தூங்கும்போது கைப்பை தலைமாட்டில்.

“பன்னெண்டு மணிக்குள்ள தங்கச்சி ஆய்நாஷுக்குப் பதில் சொல்லணும்,” என்றாள் கோட்டை மாட்டிக்கொண்டே.

“சரின்னு சொல்லு.”

“டீ ஆறுது, குடிங்க.”

*

நவ்ரூஸ் பண்டிகைக்கு முந்தின நாள். கம்பெனியில் வருடா வருடம் நடக்கும் பெருவிருந்து. வாசலில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. அறிவிப்புப் பலகை முன்னால் கும்பல்.

ஒரு தாள்: ‘விருந்து பன்னிரண்டு மணிக்கு. நூர்லிபெக்.’ பக்கத்திலேயே இன்னொரு தாள்: ‘விருந்து ஒரு மணிக்கு. அரிஸ்தான்.’ இரண்டிலும் நீல முத்திரை, இரண்டும் வட்டம்.

“நீ எத்தனை மணிக்குப் போடப் போறே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பெக்தாஸ். செயில்கான் அகாயின் காரை இருபத்திரண்டு வருடமாக ஓட்டியவர். இப்போது ஓட்ட ஆளில்லாமல், தினமும் வந்து அந்தக் காரைத் துடைத்துவிட்டுப் போகிறார்.

“பன்னெண்டரைக்கு,” என்றாள் ரவ்ஷான். “ரெண்டு பேரும் பாதிப் பாதி திட்டட்டும்.”

பெக்தாஸ் சிரிக்கவில்லை. பையிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார்.

“அகாய்கிட்டேருந்து வாழ்த்து வந்திருக்கு, பாரு மகளே.”

“நல்லதுதானே? குணமாயிட்டாரா?”

“படிச்சுப் பாரேன்.”

‘மதிப்பிற்குரிய பெக்தாஸ் அவர்களுக்கு, நவ்ரூஸ் நல்வாழ்த்துகள்’ என்றிருந்தது.

“இருபத்திரண்டு வருஷத்துல என்னை ஒரு தடவை ‘அவர்கள்’னு சொன்னதில்லே அந்த மனுஷன்,” என்றார் பெக்தாஸ். “‘டேய் மண்டை’, அவ்வளவுதான். நான் போன் பண்ணினா எடுக்கறதில்லே. மெசேஜ் மட்டும் வருது. மரியாதையா வருது. எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

“மருந்து சாப்பிடறவங்களுக்குத் திடீர்னு மரியாதை வரும், பெக்தாஸ் அகாய்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சொன்னாளே தவிர, அவளுக்கும் என்னவோ போல இருந்தது. என்ன என்று யோசிக்க நேரமில்லை. உள்ளே இருநூறு பேருக்குக் கறி வெந்துகொண்டிருந்தது.

*

சமையலறையில் சமையல்காரி ஜிபெக் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் முன்னால் பெரிய தட்டில், பொசுக்கி, சுரண்டி, வேகவைத்து எடுத்த ஆட்டுத் தலை பளபளவென்று இருந்தது.

“இதை யார் முன்னால வைக்கிறதாம்?” என்றாள் ஜிபெக்.

அதுதான் கேள்வி. மற்ற எதில் தப்பு நடந்தாலும் மன்னிப்பார்கள். மாவுத் துண்டு குழைந்து போகலாம், கறி கடிபடாமல் இருக்கலாம். தலை போக வேண்டிய இடத்துக்குப் போகாவிட்டால் பத்து வருடம் பேசுவார்கள். அந்தக் கூடத்தில் யார் பெரியவர் என்று தட்டு சொல்லிவிடும். நாலு மாதமாக யாராலும் சொல்ல முடியாததை இன்றைக்கு ரவ்ஷான் ஒரு தட்டை வைத்துச் சொல்ல வேண்டும்.

“மூணாம் மாடிக்கு வெச்சிடேன். பெத்த பிள்ளையாச்சே,” என்றாள் ஜிபெக்.

“புத்தி இருக்கா உனக்கு? அப்பா உயிரோட இருக்கறவன் தலையைத் தொடுவானா? அகாய்க்கு நாள் குறிச்ச மாதிரி ஆகாதா? போன வருஷம் அகாயே விளையாட்டுக்குத் தட்டை மகன் பக்கம் தள்ளினாரு. ஞாபகம் இல்லே? ‘நீங்க இருக்கறப்ப எனக்கு எதுக்குப்பா’ன்னு அரிஸ்தான் கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரே.”

“அப்ப ரெண்டாம் மாடிக்கு. அவரோட அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு.”

“வீட்டு மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்கறிதான். தலையை வெச்சா மூணாம் மாடி என் தலையை எடுத்துடும்.”

“சரி, எனக்கு வெச்சிடு. நான் சாப்பிடறேன்.”

ரவ்ஷான் யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதுதான் மிச்சம். பிறகு, சட்டென்று, வழி கிடைத்தது. செயில்கான் அகாயின் நாற்காலி. கூடத்தின் நடுவில், எப்போதும் அவர் உட்காரும் இடம். காலியாகவே இருக்கட்டும், தலையை அதன் முன்னால் வைத்துவிடலாம். பெரியவர் இருக்கிறார், வரவில்லை, அவ்வளவுதான். இதில் யார் குற்றம் சொல்ல முடியும்?

“அடி கள்ளி!” என்றாள் ஜிபெக். “உன்னை நாலாம் மாடி கட்டி அங்க உட்கார வைக்கணும்.”

ரவ்ஷானுக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒரு விஷயம் தெளிவாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் ஆய்நாஷ் வந்து நின்றாள். காலணியெல்லாம் சேறு. ஹோட்டலிலிருந்து ஓடி வந்திருக்கிறாள்.

“அக்கா, நீ போன்ல மழுப்புவேன்னு நேராவே வந்துட்டேன். பதினொண்ணரை ஆச்சு. எங்க முதலாளியம்மா வேற ஆளைக் கூப்பிடப் போறாங்க. வர்றியா, இல்லையா?”

“ஆய்நாஷ், அங்க காப்பீடு…”

“கிடையாது. கால் குதிரை கிடையாது, வெந்நீர் ஊத்து கிடையாது. ஆனா ஒரே ஒரு முதலாளி. திட்டினா ஒருத்தி திட்டுவா, பாராட்டினாலும் அவதான். ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்.”

“உங்க மாமா இடுப்பு?”

“அதுக்குக் கடன் வாங்கலாம்க்கா. நானும் கொடுக்கறேன்.”

ரவ்ஷான் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து உறையை எடுத்துத் தங்கையிடம் காட்டினாள்.

“இதைப் பாரு. அகாய் கையெழுத்து. இந்த ரெண்டு பேரும் எத்தனை தாள் ஒட்டினாலும் அகாய் இருக்கற வரைக்கும் இது செல்லும். ஆபரேஷன் முடியட்டும். மனுஷன் எழுந்து நடக்கட்டும். அதுக்கப்புறம் நான் எங்க வேணும்னாலும் வர்றேன்.”

“அதுக்கப்புறம் அங்க இடம் இருக்காது.”

“இல்லாட்டி போகட்டும்.”

ஆய்நாஷ் கடிதத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். “சரி. அப்போ வேண்டாம்னு சொல்லிடறேன். முடிவாத்தானே?”

“முடிவாத்தான்.”

தங்கை அங்கேயே நின்று கைபேசியில் இரண்டு வரி அனுப்பினாள். அனுப்பிவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். “உன் பிடிவாதத்துக்கு மாமாதான் லாயக்கு,” என்று சொல்லிவிட்டுச் சேற்றில் கால் வைத்து வைத்துப் போனாள்.

*

பன்னிரண்டரைக்கு விருந்து தொடங்கியது. நவ்ரூஸ் கஞ்சி வந்தது, கிண்ணம் கிண்ணமாகக் காலியானது. நடு மேசையில் வலப்பக்கம் அரிஸ்தான், இடப்பக்கம் நூர்லிபெக். நடுவில் காலி நாற்காலி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் கஞ்சியைக் குடித்தார்கள்.

பிறகு கறித் தட்டுகள் வந்தன. ரவ்ஷான் தானே தலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருநூறு கண்கள் அல்ல, நானூறு கண்கள் அவள் கையிலிருந்த தட்டோடு நகர்ந்தன. அவள் அதைக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தாள். பக்கத்தில் கத்தியை வைத்தாள்.

“எங்க செயில்கான் அகாய்க்கு. சீக்கிரம் வந்து சேரட்டும்,” என்றாள்.

கூடம் முழுக்கக் கைதட்டல். பெக்தாஸ் எட்டாவது மேசையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜிபெக் சமையலறை வாசலில் நின்று கட்டைவிரலைக் காட்டினாள். அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நூர்லிபெக் தன் முன்னாலிருந்த நெஞ்சுக்கறியைப் பார்த்தார். முகம் கறுத்தது. இருநூறு பேர் முன்னால், ‘நீ வீட்டு மாப்பிள்ளை, அவ்வளவுதான்’ என்று அந்தத் தட்டு சொன்னது.

“தலையை ஆற விடக்கூடாது,” என்றார் உரக்க. “மாமா இல்லாத இடத்துல மூத்தவன் நான். எங்க அப்பாவும் இல்லே. முறைப்படி நான் வெட்டலாம்.” தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“அத்தான், கையை எடுங்க,” என்றார் அரிஸ்தான்.

“எதுக்கு எடுக்கணும்?”

“அது எங்க அப்பா தட்டு.”

“அப்பா தட்டுன்னா? நீ தொட முடியுமா, மச்சான்? அதைச் சொல்லு!”

இரண்டாம் மாடிக்காரர்கள் மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரிஸ்தானின் காது சிவந்தது. நாலு மாதத்துக் கோபம் ஒரே நொடியில் கைக்கு வந்தது. தட்டைப் பிடுங்கித் தன் முன்னால் வைத்தார். கத்தியை எடுத்தார். வலது காதை ஒரே இழுப்பில் அறுத்தார்.

கூடம் அப்படியே அடங்கிப் போயிற்று.

முதலில் அரிஸ்தானுக்குப் புரியவில்லை. ஜெயித்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் மெல்லவில்லை. பிறகு தன் கையைப் பார்த்தார். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் காது. அவர் முகம் வெளுத்தது எல்லாருக்கும் தெரிந்தது.

பெக்தாஸ் எழுந்தார். நடுமேசைக்கு வந்தார். குரல் உயரவில்லை.

“தம்பி… எப்போ?”

அரிஸ்தான் காதைத் தட்டில் போட்டார்.

“‘அப்பா நல்லா இருக்காரு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா. கோபத்துல தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு. நாங்க நம்பிடறோம்.”

அரிஸ்தான் குனிந்துகொண்டார். கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார்.

ரவ்ஷான் நூர்லிபெக்கைப் பார்த்தாள். எதிரி மாட்டிக்கொண்ட சந்தோஷம் அந்த முகத்தில் இருக்க வேண்டும். இல்லை. அவர் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும்! இத்தனை நாளும் தெரியும். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு மாடியும் இந்த ஒன்றில் மட்டும் கூடிப் பேசி ஒத்துப்போயிருக்கின்றன.

“எங்க புதைச்சீங்க?” என்றார் பெக்தாஸ். “யார் தொழுகை வெச்சாங்க? ஏழாம் நாள் சாப்பாடு கொடுத்தீங்களா? நாற்பதாம் நாள்? இருநூறு குடும்பத்துக்குச் சோறு போட்ட மனுஷனுக்கு ஒரு கிண்ணம் கறி கொடுக்கலையேடா, பாவிங்களா!”

பெக்தாஸ் கைகளை விரித்து ஓதத் தொடங்கினார். ஒவ்வொரு மேசையாகக் கைகள் விரிந்தன. முடித்து எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டபோது பலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

ரவ்ஷானும் அழுதாள். மனுஷன் சமையலறைக்குள் வந்து பானையின் அடியைச் சுரண்டித் தின்பார். “இது முதலாளிக்கு மட்டும்தான், உங்களுக்குக் கிடையாது” என்று ஜிபெக்கை வம்புக்கு இழுப்பார். அவருக்காகத்தான் அழுதாள், சத்தியமாக.

ஆனால் அழுதுகொண்டே அவள் கை கைப்பையைத் தேடியது. அது தெரிந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எப்போது போனார்? டிசம்பரா, ஜனவரியா? கடிதத்தில் மார்ச் மூன்று. போனவர் கையெழுத்துப் போடுவாரா? ஒருவேளை மார்ச் மூன்றுக்குப் பிறகு போயிருந்தால்? அப்படியானால் கடிதம் செல்லும். செல்லுமா? முன்னால் போயிருந்தால் அது யார் கை? மூன்றாம் மாடியா, இரண்டாம் மாடியா? தனக்கு நல்லது செய்ய எழுதினார்களா, அவர் உயிரோடு இருப்பதாக ஊரை நம்ப வைக்கத் தன்னைப் பயன்படுத்தினார்களா? ஒரு நூலைப் பிடித்தால் இன்னொன்று சிக்கியது. ஆய்நாஷை அனுப்பி முழுதாக ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. அவள் சமையலறைக்குப் பின்னால், கறிவெட்டும் கத்திகளைத் தொங்கவிடும் இடைவழிக்கு ஓடினாள்.

“தௌலெத் அவர்களோட மனைவிதானே? அல்மாத்தி ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம். இருபத்தாறாம் தேதி உறுதி. இருபத்தஞ்சு காலையிலேயே சேர்த்துடுங்க.”

“சேர்த்துடறோம்.”

“ஒரு சின்ன விஷயம். உங்க கம்பெனியிலிருந்து போன வாரம் ரெண்டு கடிதம் வந்துது. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை. அதனால தலைவர் கையெழுத்துப் போட்ட உங்க கடிதத்தைத்தான் நாங்க எடுத்துக்கறோம். செயில்கான் அவர்கள் நல்லா இருக்காருல்ல? இப்பவும் அவர்தானே தலைவர்? வாய்வார்த்தையாக் கேட்டுக்கச் சொன்னாங்க, குறிச்சுக்கறேன்.”

கூடத்திலிருந்து யாரோ ஒரு பெண் ஓவென்று குரலெடுத்து அழத் தொடங்கினாள். ரவ்ஷான் கைபேசியின் வாயைப் பொத்தினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சிரித்த தௌலெத் கண்முன் வந்தான்.

கையை எடுத்தாள்.

“ஆமா,” என்றாள். “நல்லா இருக்காரு. அவர்தான் தலைவர்.”

“நன்றி. குறிச்சுக்கிட்டேன். நவ்ரூஸ் வாழ்த்துகள்.”

இணைப்பு அறுந்தது. கைபேசியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

இடைவழியின் வாசலில் பெக்தாஸ் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. தாடியெல்லாம் நனைந்திருந்தது. அவர் அவளைத் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

“அவர் கையெழுத்து எனக்குத் தெரியும், மகளே,” என்றார். “உன் கைப்பையில அவர் கடிதம் இருக்காமே, ஜிபெக் சொன்னா. அதைக் காட்டு.”